லீவுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு
(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண்டியில் தனியார் நிறுவனமொன்றில் நர்சிங் படிக்கும் தங்கச்சி ஒருவருக்கு இரண்டு மாத லீவு. கோர்ஸ் காசு கட்ட அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. மூன்று வேலை வந்திருக்கிறது. கொழும்பில் ஒரு வீட்டில் வயதான அம்மாவைப் பார்ப்பது, நாளுக்கு 2,500 ரூபா, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. ஹட்டனில் தீபாவளி வியாபாரத்துக்குப் புடவைக்கடை, மாதம் 30,000. கண்டியில் தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளர், அதற்கும் குறைவு. எது நல்லது என்று சங்கத்தில் வந்து கேட்டார்.

2,500 என்றதும் வீட்டில் எல்லோருக்கும் கொழும்பில்தான் கண். அது எத்தனை மணித்தியாலத்துக்கு? இரவில் நோயாளி எழும்பினால் நீங்களும் எழும்ப வேண்டும். 24 மணித்தியாலத்தால் பிரித்தால் 104 ரூபா. கடைச் சட்டத்தில் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். மாதம் 200 என்று வைத்தாலும் 150 ரூபா விழுகிறது. அதோடு வீட்டு வேலைக்கு ஈ.பி.எஃப். சட்டம் இல்லை. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் உண்டு, தற்காலிக வேலையானாலும் முதல் நாளிலிருந்தே. 30,000 சம்பளத்துக்கு முதலாளி 12 வீதம், 3,600 ரூபா போட வேண்டும். ஈ.டி.எஃப். 3 வீதம், 900 ரூபா. உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 8 வீதம் மட்டும். ‘ரெண்டு மாசம்தானே’ என்பார்கள். பேர் போடாத வேலைக்கு நம் தோட்டத்தில் யாராவது மலைக்குப் போவோமா?

ஏஜென்சி மூலம் வீட்டுக்குப் போனால், சம்பளம் தருவது ஏஜென்சியா வீட்டுக்காரரா என்று முதலில் கேளுங்கள். அடையாள அட்டையை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியிலும் கவனம் வேண்டும். வெள்ளை உடுப்பைப் போட்டுவிட்டு ‘மிஸ்ஸி, இந்த ஊசியைப் போடுங்க’ என்றால், நான் இன்னும் படிக்கிற பிள்ளை, தனியாகப் போட மாட்டேன் என்று சொல்லுங்கள். தவறு நடந்தால் மாட்டுவது நீங்கள்தான். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தடவை, ஆறு மாதத்துக்குள் போடுவது. படிக்கும் இடத்தில் தொடங்கியாயிற்றா என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஊசி குத்திவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. பதிவில்லாமல் எதைக் காட்டிக் கேட்பது?

என் எண்ணத்தைக் கேட்டால், சம்பளம் குறைந்தாலும் ஆஸ்பத்திரி. வார்டில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதும், பிரஷர் பார்த்து எழுதுவதும் புத்தகத்தில் வராது. ஆனால் போர்டிங் காசு சம்பளத்தைத் தின்றுவிடும் என்றால், நகையும் முழுகப் போகிறது என்றால், புடவைக்கடைக்குப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. வீட்டிலிருந்தே போய் வரலாம். அப்பாமார்களே, இதைக் கொஞ்சம் கேளுங்கள்: பிள்ளை அனுப்பும் காசை அந்த நகைக்கு மட்டும் வையுங்கள்.

தங்கச்சி ஆஸ்பத்திரியில் நியமனக் கடிதம் கேட்டிருக்கிறார். சம்பளம், மணித்தியாலம், லீவு, எந்தத் திகதியிலிருந்து எதுவரை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடிதம் சிங்களத்தில் வந்தால் கையொப்பம் வைக்குமுன் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம்.