எரிமலை நாட்டில் எழுந்த கற்கோயில்கள்



பிரான்சு நாடு என்றதும் நம் நினைவுக்கு வருபவை பாரிஸ் மாநகரமும் ஐஃபெல் கோபுரமும்தாம். ஆனால் அந்நாட்டின் ஆழ்ந்த அழகைக் காண விரும்புகிறவர்கள் பாரிசை விட்டுத் தெற்கே சில மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். நாட்டின் நடுப்பகுதியில் ஒரு பெரிய மேட்டு நிலம் உண்டு. அதில் ஓவெர்ன் என்ற மாநிலப் பகுதி இருக்கிறது. அங்கே பெரிய நகரங்கள் மிகக் குறைவு. பசும்புல் வெளிகள், மேயும் மாடுகள், கருங்கல் வீடுகள், ஊர் நடுவே ஒரு பழைய தேவாலயம். இவைதாம் அந்நாட்டின் காட்சி. இன்று நாம் அங்கே ஒரு பயணம் போய் வருவோம். மண்ணைப் பார்ப்போம், மண்ணிலிருந்து எடுத்த கல்லைப் பார்ப்போம், கல்லைக் கோயிலாக்கிய மனிதனையும் பார்ப்போம்.

முதலில் மண். ஓவெர்ன் நெருப்பால் பிறந்த நாடு. கிளெர்மோன் ஃபெரான் என்ற நகருக்கு மேற்கே ஏறத்தாழ 80 எரிமலைகள் வடக்குத் தெற்காக வரிசை பிடித்து நிற்கின்றன. அவை இன்று புகைவதில்லை. புல்லும் காடும் போர்த்து உறங்குகின்றன. சிலவற்றின் உச்சி கிண்ணம்போல் குழிந்திருக்கும். சில கவிழ்த்த பானைபோல் உருண்டிருக்கும். இவ்வரிசையின் தலைவன் புய் தெ தோம் என்னும் மலை. அதன் உயரம் ஏறத்தாழ 1,465 மீட்டர். வயதோ ஏறத்தாழ 11,000 ஆண்டு. மலைகளின் கணக்கில் இது குழந்தைப் பருவமே. 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்த எரிமலை வரிசையை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

புய் தெ தோம் அறிவியல் வரலாற்றிலும் இடம் பெற்ற மலை. காற்றுக்கு எடையுண்டா என்ற கேள்வி 17ஆம் நூற்றாண்டில் அறிஞர்களைக் குடைந்துகொண்டிருந்தது. கிளெர்மோனில் பிறந்த பிளேய்ஸ் பாஸ்கல் இதற்கு ஒரு வழி கண்டார். அவருடைய வேண்டுகோளின்படி, 1648 செப்டம்பர் 19ஆம் நாள் அவருடைய தமக்கையின் கணவர் ஃபுளோரென் பெரியே பாதரசக் குழாயுடன் இம்மலை மீது ஏறினார். அடிவாரத்தில் இருந்ததைவிட உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து நின்றது. உயரம் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்ற உண்மை அன்று நிலைபெற்றது. அதே உச்சியில், ரோமானியர் தங்கள் மெர்க்குரித் தேவனுக்கு எழுப்பிய கோயிலின் இடிபாடுகளையும் இன்று காணலாம்.

இனி, கல்லுக்கு வருவோம். கி.பி. 1000ஆம் ஆண்டுக்குப் பிறகு மேற்கு ஐரோப்பா முழுவதும் தேவாலயம் கட்டும் வேகம் பிறந்தது. படையெடுப்புகள் ஓய்ந்தன, விளைச்சல் பெருகியது, மடங்கள் வளர்ந்தன. அப்போது எழுந்து, 12ஆம் நூற்றாண்டு வரை செழித்த கட்டடப் பாணியை ரோமனெஸ்க் பாணி என்கிறோம். கட்டியவர்கள் இப்பெயரை அறியமாட்டார்கள். பழைய ரோமானியரின் அரைவட்ட வளைவை அவர்கள் கையாண்டதால், 1818ஆம் ஆண்டில் ஷார்ல் தெ ஜெர்வில் என்ற பிரெஞ்சு அறிஞர் இப்பெயரை வழங்கினார்.

இந்தப் பாணியின் உயிர்நிலை எது? கற்கூரைதான். அதற்கு முன் பெரும்பாலான தேவாலயங்களுக்கு மரக்கூரையே இருந்தது. ஒரு மெழுகுவர்த்தி சாய்ந்தாலும் இடி விழுந்தாலும் கூரை எரிந்து போகும். எனவே கல்லாலேயே கூரை போடத் துணிந்தார்கள். ஒரு பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து வைத்தால் எப்படியிருக்கும்? அதுதான் அவர்கள் கட்டிய கூரையின் வடிவம்.

ஆனால் ஒரு சிக்கலைத் தீர்த்தால் மற்றொரு சிக்கல் முளைக்கும் அல்லவா? வளைந்த கற்கூரை கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. தாங்கி நிற்கும் சுவர்களை அது வெளியே சாய்க்கப் பார்க்கும். ஆகையால் சுவரைத் தடிமனாக எழுப்பினார்கள், சன்னல்களைச் சிறிதாக்கினார்கள். ஓவெர்ன் நாட்டுக் கொத்தனார்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். நடுக்கூடத்தின் இரு பக்கங்களிலும் மேல்மாடம் அமைத்து, அம்மாடங்களின் மீது கால்வட்ட வடிவக் கூரைகளைப் போட்டார்கள். சாயப் போகும் மனிதனை இரண்டு நண்பர்கள் இருபுறமும் தோள் கொடுத்துத் தாங்குவதுபோல, அவை நடுக்கூரையைத் தாங்கிக்கொள்கின்றன. அவற்றுள் பல 800 ஆண்டுகளுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கின்றன.

இந்த அமைப்பால் நடுக்கூடத்தில் வெளிச்சம் குறைவு. ஆனால் அக்குறையையே அவர்கள் நிறைவாக்கினார்கள். மேற்கு வாயிலில் நுழைந்தால் அரையிருள். முன்னே நடக்க நடக்க, குறுக்குக் கூடத்தின் உயர்ந்த சன்னல்களிலிருந்தும் பலிபீடத்தைச் சூழ்ந்த சன்னல்களிலிருந்தும் ஒளி பெருகும். இருளிலிருந்து ஒளிக்கு என்ற கருத்தை வாயால் சொல்லாமல் காலால் உணரச் செய்தார்கள்.

இத்தகைய கோயில்களுள் ஒன்று ஒர்சிவால் என்ற சிற்றூரில் உள்ளது. ஒரு குறுகிய பள்ளத்தாக்கில், சாம்பல் நிற எரிமலைக் கல்லால் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில் அது. ஊர் மக்களின் தொகை சில நூறுதான். கோயிலோ நகரத்துக் கோயில்போல் ஓங்கி நிற்கிறது. உள்ளே வெள்ளித் தகடு போர்த்திய மரச்சிலையில், மரியன்னை குழந்தையை மடியில் இருத்தி அரியணையில் வீற்றிருக்கிறாள். வெளிச்சுவரில் இரும்புச் சங்கிலிகள் தொங்குகின்றன. சிறை மீண்டவர்கள் நன்றிக் காணிக்கையாக அளித்தவை என்று அவற்றைச் சொல்கிறார்கள். பெயர் தெரியாத அம்மனிதர்களின் துயரமும் விடுதலையும் அச்சுவரில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

அங்கிருந்து சேன் நெக்தேர் என்ற ஊருக்குப் போவோம். பாலாடைக் கட்டிக்குப் பேர்போன ஊர். அங்குள்ள தேவாலயத்தில் தூண்களின் தலைப்பகுதியாகிய போதிகைகள் 103 இருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் வேதக் கதைகளும் புனிதர் வரலாறும் செதுக்கப்பட்டுள்ளன, வண்ணமும் தீட்டப்பட்டுள்ளது. எழுத்தறியாத உழவனுக்கு அக்கல்தான் புத்தகம். எல்லாம் பக்திக் காட்சி என்று எண்ணிவிட வேண்டாம். யாழ் வாசிக்கும் கழுதை ஒன்றும் அங்கே இருக்கிறது! இதே வட்டாரத்தில் என்னெசா என்ற ஊரில், கடும் வட்டி வாங்கியவன் ஒருவன் கழுத்தில் பணப்பையுடன் பேய்களிடையே அகப்பட்டு நிற்பதைச் செதுக்கியிருக்கிறார்கள். ஊரில் வட்டிக்கு விட்டவர்கள் அதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ!

சேன் நெக்தேருக்குத் தெற்கே, பெஸ் என்ற ஊரின் அருகே பவேன் ஏரி கிடக்கிறது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் நிலத்தடிக் குழம்பும் நீரும் சந்தித்து வெடித்ததில் உண்டான பள்ளம் அது. வட்டமான ஏரி, ஆழம் 92 மீட்டர். இதில் ஒரு விந்தை உண்டு. அடியில் உள்ள நீர் மேல்நீருடன் ஒருபோதும் கலப்பதில்லை. உப்புச் சத்து மிகுந்து கனத்து, உயிர்க்காற்று இல்லாமல் கீழேயே தங்கிவிடுகிறது. ஏரியில் கல்லெறிந்தால் புயல் கிளம்பும் என்று முன்னோர் அஞ்சினர். அடியில் ஒரு நகரம் மூழ்கிக் கிடக்கிறது என்றும் கதை சொன்னார்கள். அறிவியல் வேறு விளக்கம் தந்தாலும், அந்த நீரின் கரும்பச்சை நிறத்தைக் காணும்போது அச்சம் பிறந்ததில் வியப்பில்லை என்றே தோன்றும்.

இன்னும் தென்கிழக்கே சென்றால் லெ புய் என்னும் நகரம். அங்கே எரிமலையும் கோயிலும் ஒன்றாகவே ஆகிவிட்டன. எரிமலையின் தொண்டைக்குள் இறுகிய பாறை எஞ்சியிருக்க, சுற்றியிருந்த மென்மையான மண் காலப்போக்கில் கரைந்துவிட்டது. 80 மீட்டருக்கு மேல் ஊசிபோல் நிமிர்ந்த அப்பாறையின் முனையில், 10ஆம் நூற்றாண்டில் புனித மைக்கேலுக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார்கள். 268 படிகள் ஏற வேண்டும். லெ புய் நகரத்து ஆயர் கோதெஸ்கால்க் 950ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகு நகருக்குத் திருப்பயணம் போனார். அதன்பின் எண்ணற்ற அடியார்கள் இங்கிருந்தே அவ்வழி நடந்தார்கள், இன்றும் நடக்கிறார்கள்.

அவ்வழியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நடந்தால் கோங்க் என்ற மலையூர் வரும். புனித ஃபுவா என்ற இளம் பெண்ணின் பெயரால் அமைந்த மடத்துக் கோயில் அங்கே இருக்கிறது. வாயிலின் மேல் இறுதித் தீர்ப்புக் காட்சி, 124 உருவங்கள். ஒரு பக்கம் விண்ணகத்தின் அமைதி. மறு பக்கம் நரகத்தின் குழப்பம். இவை போதாவென்று, வெளி வளைவின் விளிம்பைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்க்கும் சிறு முகங்களையும் சிற்பி செதுக்கி வைத்தான். இவ்வளவு பெரிய காட்சி நடக்கும்போது வேடிக்கை பார்க்க ஆள் வராமல் இருக்குமா?

கோங்கின் வரலாறு நமக்கு ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது. பொன்னும் மணியும் இழைத்த புனித ஃபுவாவின் திருவுருவம் அங்கே இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது கோயில்களின் பொன்னும் வெள்ளியும் பறிமுதலாகி உருக்கப்பட்டன. அப்போது கோங்க் மக்கள் தங்கள் கோயிலின் செல்வங்களை வீடுகளிலும் தோட்டங்களிலும் மறைத்துவைத்தார்கள். ஆபத்து நீங்கியதும் அவற்றைக் கோயிலிலேயே திரும்பச் சேர்த்தார்கள். அவர்கள் ஏழைகள். ஒரு துண்டுப் பொன் இருந்தால் ஒரு குடும்பம் பிழைத்துப் போயிருக்கும். அப்படியிருந்தும் அந்தச் செல்வம் காப்பாற்றப்பட்டது.

பொன் பிழைத்தது, கட்டடம் சிதைந்தது. 1837ஆம் ஆண்டில் எழுத்தாளர் புரோஸ்பெர் மெரிமே அங்கே வந்தார். வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக அரசு அவரை நியமித்திருந்தது. இடியும் நிலையில் இருந்த கோயிலைக் கண்டு, அதைக் காக்க வேண்டும் என்று அரசிடம் வலியுறுத்தினார். திருப்பணி நடந்தது. 1994இல் பியேர் சுலாஜ் என்ற புகழ்பெற்ற ஓவியர், அருகிலுள்ள ரொதேஸ் நகரில் பிறந்தவர், அக்கோயிலின் 104 சன்னல்களுக்கும் வண்ணமற்ற புதுவகைக் கண்ணாடியை வடிவமைத்துத் தந்தார். பழமை என்பது பூட்டி வைக்கும் பொருளன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் கையால் ஒன்றைச் சேர்க்கலாம் என்பதற்கு அச்சன்னல்களே சான்று.

ஆனால், நேயர்களே, எல்லா ஊருக்கும் ஒரு மெரிமே வருவதில்லை. திருப்பயண வழி கடந்து செல்லும் லொசேர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1851இல் அங்கே ஏறத்தாழ 144,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 77,000 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். வேலை தேடி இளைஞர் நகரங்களுக்குப் போனார்கள். முதல் உலகப் போர் பலரைக் கொண்டுபோயிற்று. உழவுக்கு இயந்திரம் வந்ததும் ஆட்கள் தேவைப்படவில்லை. இக்கதை லொசேருக்கு மட்டும் உரியதன்று. அம்மேட்டு நிலத்துச் சிற்றூர்கள் பலவற்றின் கதையும் இதுதான்.

இங்கே சட்டம் ஒன்றையும் நாம் அறிய வேண்டும். 1905ஆம் ஆண்டில் பிரான்சு அரசையும் சமயத்தையும் தனித்தனியே பிரித்தது. அதன் விளைவாக, அதற்கு முன் கட்டிய ஊர்த் தேவாலயங்கள் பெரும்பாலும் அந்தந்த ஊராட்சியின் உடைமையாயின. நூறு பேர் வாழும் ஊரிலும் 12ஆம் நூற்றாண்டுக் கோயில் இருக்கலாம். கூரையில் ஓட்டை விழுந்தால் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியவர் அந்த ஊர்த் தலைவர். பள்ளிக்கூடத்தைப் பழுது பார்ப்பதா, பாதையைச் செப்பனிடுவதா, கோயில் கூரையை வேய்வதா? மூன்றுக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் பணம் வர வேண்டும். சின்னமாகப் பதிவான கட்டடங்களுக்கு அரசு உதவி உண்டு. 2018 முதல் பழஞ்சின்னங்களைக் காக்க ஒரு சிறப்புப் பரிசுச் சீட்டும் நடத்துகிறார்கள். இருந்தும் தேவை பெரிது, கை சிறிது.

ஒரு கட்டடம் ஒரே நாளில் விழுவதில்லை. முதலில் ஓர் ஓடு நழுவும். மழை நீர் சுவருக்குள் இறங்கும். குளிர்காலத்தில் அந்நீர் உறைந்து விரிந்து, கல்லின் பிடியைத் தளர்த்தும். அந்த முதல் ஓட்டை யாராவது பார்த்து மாற்றிவிட்டால், கோயில் இன்னும் நூறு ஆண்டு நிற்கும். பார்ப்பதற்கு ஊரில் ஆள் இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் அதைக் காக்காது.

ஓவெர்ன் நாட்டின் எரிமலைகளை மனிதன் காக்க வேண்டியதில்லை. அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். கோயில்களோ அப்படியல்ல. கல் உறுதியானதுதான், ஆனால் அதை இத்தனை காலம் நிற்க வைத்தது கல்லின் உறுதி மட்டுமன்று. சிற்பியின் பெயரை நாம் அறியோம். பொன்னை ஒளித்து வைத்த குடியானவர்கள் யார் யார் என்பதும் பெரிதாகப் பேசப்படுவதில்லை. நழுவிய ஓட்டை ஏணி வைத்து ஏறி மாற்றியவரை யாரும் எழுதி வைத்ததில்லை. அவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் அந்தக் கூரையைத் தாங்கினார்கள். பக்கமாடத்துக் கால்வட்ட வளைவுகளைப்போல, வெளியில் தெரியாமல் தோள் கொடுத்தவர்கள் அவர்கள்.

முன்னோர் விட்டுச் சென்ற எதுவாயினும், அதைக் கண்டு வியப்பது எளிது. அதன் முதல் ஓடு நழுவும்போது கவனிப்பதுதான் கடமை.