ஐந்தில் வளைத்தது யார்?

(மாவட்டப் பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்கிறது நம் நாட்டுப் பழமொழி. மகனைக் கண்டிக்கும் தந்தை கூறுகிறார். மாணவனை மிரட்டும் ஆசிரியர் கூறுகிறார். திண்ணையில் அமர்ந்து ஊர்க்கதை பேசுவோரும் கூறுகின்றனர். அந்தப் பழமொழியை மறுக்க நான் வரவில்லை. அதிலே கேட்காமல் விடப்பட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்க வந்திருக்கிறேன். ஐந்தில் தவறாக வளைக்கப்பட்டது ஐம்பதில் எப்படி நிமிரும்? அதை வளைத்தது யார்? எந்தக் கை? எந்தக் கோல்? எந்தச் சொல்?

குடித்துவிட்டுத் தெருவிலே கிடப்பவனைக் காண்கிறோம். "அவன் தலையெழுத்து" என்கிறார் ஒருவர். "முற்பிறவிப் பாவம்" என்கிறார் மற்றொருவர். "இரத்தத்திலேயே ஊறியது" என்கிறார் சற்றுப் படித்த மூன்றாமவர். சொல் மூன்று, பொருள் ஒன்று. "இதற்கும் நமக்கும் தொடர்பில்லை, நாம் செய்யக்கூடியது ஏதுமில்லை" என்பதே அந்தப் பொருள். தலையெழுத்தை நம்பாத இயக்கம் நம்முடையது. நம்பவில்லையென்றால், அது இருந்த இடத்திலே அறிவுக்கு ஒத்த விளக்கத்தை வைக்க வேண்டிய கடமை நமக்கு உண்டல்லவா?

நாடகம் எழுதுவோர் அறிவர்: கொடியவன் மூன்றாம் காட்சியிலே மேடைக்கு வருகிறான். உருட்டி விழிக்கிறான், உறுமுகிறான், மக்கள் அவனை வெறுக்கிறார்கள். அவனுக்கு ஆறு வயது இருக்கும்போது அவன் வீட்டிலே நடந்த காட்சி எழுதப்படுவதேயில்லை. எழுதினால் என்ன ஆகும்? வெறுக்க வந்தவர்கள் விம்மத் தொடங்குவார்கள்! எழுதப்படாத அந்த முதற்காட்சியை மருத்துவர்கள் கணக்கெடுத்து எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்திலே சான் டியேகோ நகரம். 1980-களில், கைசர் பெர்மனெண்டே என்னும் மருத்துவ நிறுவனத்திலே, உடற்பருமனைக் குறைக்கும் சிகிச்சையை நடத்திவந்தார் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி. அவருக்கு ஒரு வியப்பு. எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களிலேயே பலர் சிகிச்சையை விட்டு ஓடினார்கள்! வெற்றி வரும் வேளையிலே போர்க்களத்தை விட்டு ஓடுவானேன்? 286 பேரிடம் அவர்தம் வாழ்க்கைக் கதையைக் கேட்டார். அவர்களுள் பலர் சிறுவயதிலே பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் எனத் தெரியவந்தது. மருத்துவர் நோய் என்று எண்ணிய பருமன், அவர்களிற் சிலருக்குக் கோட்டையாக இருந்தது. பிறர் பார்வை படாதிருக்க உடலே எழுப்பிக்கொண்ட மதில் அது. நோயை விரட்டுகிறேன் என்று மருத்துவர் மதிலை இடித்தார். உள்ளே ஒளிந்திருந்த குழந்தை அஞ்சி ஓடிற்று.

ஃபெலிட்டி அதோடு நிற்கவில்லை. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து, 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார். அடி உண்டா? இழிசொல் உண்டா? பாலியல் கொடுமை உண்டா? உணவும் உடையும் மறுக்கப்பட்டதா? அன்பு மறுக்கப்பட்டதா? தாய் அடிபடக் கண்டதுண்டா? வீட்டிலே குடிகாரர் இருந்தாரா? மனநோயாளி இருந்தாரா? சிறை சென்றவர் இருந்தாரா? பெற்றோர் பிரிந்தனரா? இப்படிப் பத்து வகைத் துன்பங்கள்.

முதற்கட்ட முடிவுகள் 1998-ல் வெளிவந்தன. அப்போது கேட்கப்பட்டவை ஏழு வகை. விடையளித்தவர்கள் 9,508 பேர். பாதிப் பேருக்கு மேல், ஒரு வகைத் துன்பத்தையேனும் அனுபவித்தவர்கள். நான்கும் அதற்கு மேலும் அனுபவித்தவர்கள் குடிக்கும் போதைக்கும் அடிமையாவதற்கும், மனச்சோர்வில் வீழ்வதற்கும், தற்கொலைக்கு முயல்வதற்கும் உள்ள வாய்ப்பு, ஒன்றும் அனுபவியாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகம். இருதய நோய், புற்றுநோய், நுரையீரல் நோய், ஈரல் நோய் ஆகியவையும் துன்பத்தின் எண்ணிக்கையோடு படிப்படியாக ஏறின.

"அது ஏழை எளியவர் சேதி, சேரிச் சேதி" என்று மூக்கைச் சுளிப்போர் உண்டு. அவர்களுக்குச் சொல்லுங்கள்: அந்த ஆய்விலே பங்கேற்றவர்களுள் முக்கால் பங்கினர் வெள்ளையர், முக்கால் பங்கினர் கல்லூரி வாசலை மிதித்தவர், மருத்துவக் காப்பீடு பெற்றவர். மாளிகையிலும் மழலை அழுகிறது, தோழர்களே! மாளிகையின் சுவர் தடிப்பானது. ஒலி வெளியே வருவதில்லை. அவ்வளவே வேறுபாடு.

மனத்துன்பம் உடல் நோயாவது எங்ஙனம்? ஊருக்குள் வெள்ளம் வந்தால் எச்சரிக்கை முரசு ஒலிக்கிறது. ஊர் விழிக்கிறது, ஓடுகிறது, பிழைக்கிறது. வெள்ளம் வடிந்தால் முரசு ஓய்கிறது. நம் உடலிலும் அத்தகைய முரசு உண்டு. அச்சம் வந்ததும் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகள் பெருகுகின்றன; இதயம் விரைகிறது; தசைகள் முறுக்கேறுகின்றன. ஆபத்து நீங்கினால் அடங்கிவிடும். ஆனால், இரவெல்லாம், ஆண்டெல்லாம் முரசு ஓயாத ஊரிலே உறங்குவது யார்? உழுவது யார்? வளரும் மூளை அந்த ஓசையிலேயே வளர்கிறது. பாடம் நுழையவேண்டிய இடத்திலே பயம் குடியேறுகிறது. அத்தகைய பிள்ளை, வகுப்பிலே பின்னாலிருப்பவன் தோளைத் தொட்டால் துள்ளியெழுந்து அடிக்கிறான். நாம் அவனுக்குச் சூட்டும் பெயர்: போக்கிரி!

தலையெழுத்தை மறுத்த நாம் இங்கே எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். "பத்துக்கு எத்தனை" என்ற கணக்கு இன்னொரு ஜாதகமாகிவிடக் கூடாது. மக்கள் தொகையின் போக்கைக் காட்டும் எண்ணைத் தனியொருவரின் எதிர்காலத்தைக் கணிக்கும் கருவியாக்காதீர் என்று, அந்த ஆய்வை நடத்திய ஆண்டாவே 2020-ல் எச்சரித்திருக்கிறார். காயம்பட்ட பிள்ளையெல்லாம் கெட்டழிவதில்லை. உறுதியாய் உடனிருக்கும் பெரியவர் ஒருவர், ஒரே ஒருவர், கிடைத்துவிட்டால் பிள்ளை தழைக்க வழியுண்டு. அது தாயாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பத்தும் வீட்டுக்குள்ளே நிகழும் துன்பங்களை மையமாகக் கொண்டவை. தெரு தரும் துன்பம்? சமுதாயம் தரும் துன்பம்? பின்னர், பிலடெல்பியா நகரிலே நடந்த ஆய்வு, நிறவெறிக்கு ஆளாவதையும் அக்கம்பக்கத்து வன்முறையையும் பட்டியலிலே சேர்த்தது. நம் நாட்டிலே பட்டியல் போட்டால், முதல் வரியிலே சாதி அல்லவா நிற்கும்? வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியிலே தனியே உட்கார வைக்கப்பட்ட சிறுவன், பியூன் வந்து ஊற்றினாலன்றிப் பள்ளியிலே தண்ணீர் பெற முடியாத சிறுவன், அவர் அம்பேத்கர். அந்தச் சிறுவன் அரசியல் சட்டத்தை வரைந்தார் என்று பெருமிதம் கொள்கிறோம். கொள்வோம்! ஆனால், அதே சாக்கின்மீது அமர்ந்து, அதோடு மடிந்துபோன பெயர் தெரியாத சிறுவர்களை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

இந்த அறிவைக் கொண்டு என்ன செய்வது? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே வாலா வாலா என்னும் சிறு நகரம். மற்றப் பள்ளிகளில் நிலைக்காத மாணவர்கள் வந்துசேரும் லிங்கன் உயர்நிலைப் பள்ளி அங்கிருக்கிறது. 2010-ல், அதன் தலைமையாசிரியர் ஜிம் ஸ்போர்லெடர், தண்டிக்கும் முறையை மாற்றினார். சீறும் மாணவனிடம் ஆசிரியர் சீறக் கூடாது. "உனக்கு என்ன கேடு?" என்று கேட்ட வாய், "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்கவேண்டும். தவறுக்குப் பொறுப்பேற்கச் செய்யலாம், தெருவுக்குத் துரத்தலாகாது. 2009–10 கல்வியாண்டிலே இடைநீக்கத்தால் மாணவர்கள் இழந்த நாட்கள் 798. மறு ஆண்டிலே 135! ஒரு பள்ளியின் கணக்கு உலகத்துக்கே சான்றாகிவிடாது. ஆனால், பிரம்புதான் ஒழுக்கத்தைக் காக்கிறது என்ற பேச்சைக் கேள்விக்குள்ளாக்க அது போதும்.

இதனைக் காயமறிந்து நடத்தும் முறை என்போம். துன்பம் பரவிக் கிடப்பதை உணர், அதன் அடையாளங்களைக் கண்டுகொள், அதற்கேற்ப நடந்துகொள், மீண்டும் காயப்படுத்தாதே. அமெரிக்க அரசின் மனநல அமைப்பு 2014-ல் வகுத்த நான்கு நெறிகளின் சாரம் இது. பள்ளிக்கும் பொருந்தும், மருத்துவமனைக்கும் பொருந்தும், காவல் நிலையத்துக்கும் பொருந்தும்.

நம் நாட்டு நிலை என்ன? 2007-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களிலே 12,447 குழந்தைகளிடம் கேட்டது. மூவரில் இருவர் உடல் வன்முறைக்கு ஆளானவர்கள். பாதிப் பேருக்கு மேல் ஏதேனும் ஒருவகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள். அந்தப் 13 மாநிலங்களிலே தமிழ்நாடு இல்லை என்று மகிழ்ந்துவிடாதீர்! நம் பிள்ளைகளைக் கேட்கவில்லை என்பதே அதற்குப் பொருள்.

சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவிலே, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருப்பதையே குற்றமாக்குகிறது. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. பிரம்பு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

"அடியாத மாடு படியாது" என்பர். பிள்ளை மாடன்று. "நாங்களும் அடிபட்டு வளர்ந்தவர்கள்தாம், கெட்டா போனோம்?" என்பர். கரையேறியவர்கள் மட்டுமே கதை சொல்கிறார்கள், தோழர்களே! மூழ்கியவர்கள் பேச வருவதில்லை.

எனவே, நான் கேட்பது நான்கு. உங்கள் படிப்பகத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் பற்றிப் பேசுங்கள், தாய்மார்களை அழையுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை, நம் கூட்டத் தட்டிகளிலே ஒரு மூலையில் எழுதுங்கள். பள்ளிதோறும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஆட்சியில் யார் இருந்தாலும் கேளுங்கள். நான்காவது, எல்லாவற்றிலும் கடினமானது: உங்கள் வீட்டுப் பிரம்பை ஒடித்து அடுப்பிலே போடுங்கள்!

ஆம், மேடையிலே மானம் பேசி, மனையிலே மகனைப் புடைப்பது என்ன நியாயம்? ஆதிக்கத்தை எதிர்க்கும் நாம், மூன்றடி உயரப் பிள்ளையிடம் ஆதிக்கம் செலுத்துவது எந்தக் கொள்கை? அடிமைத்தனத்தின் அரிச்சுவடியை ஒரு குழந்தை கற்பது அரசாங்கத்திடமல்ல, ஓங்கிய கையிடம். வலியவன் அடிப்பான், எளியவன் பொறுப்பான் என்ற பாடத்தை ஆறு வயதிலே நாமே கற்பித்துவிட்டு, அறுபது வயதிலே இச்சமுதாயம் ஏன் குனிந்து கிடக்கிறது என்று கூட்டம் போட்டுக் கேட்பதா?

இன்று மாலை வீடு திரும்புவீர்கள். உங்கள் காலடியோசை கேட்டதும் பிள்ளை கதவை நோக்கி ஓடிவருகிறதா, கதவுக்குப் பின்னால் ஒளிகிறதா, பாருங்கள். நம் கொள்கை வென்றதா என்பதற்கு அதைவிடச் சரியான தேர்தல் முடிவு வேறில்லை.