சிதறிய கோப்புகளும் பழைய கணினியும்

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கிளிநொச்சி உழவர் நன்கறிந்த உண்மையொன்று உண்டு. சிறுபோகத்தில் நீர் மட்டாயிருக்குங்கால், விதைக்கும் நிலம் ஆங்காங்கே சிதறிக் கிடப்பின் நீர் வாய்க்காலிலேயே வீணாகும். ஒரே தொடராக அமையின் அதே நீர் கடைசி வயல்வரை பாயும். பழைய கணினியின் வன்தட்டுக்கும் இது பொருந்தும்.

1956ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் அறிமுகஞ் செய்த இக்கருவி, காந்தப் பூச்சுடைய சுழல் தட்டுகளையும் அவற்றின்மேல் நகர்ந்து படிக்கும் தலையையும் உடையது. இன்றைய தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்வன. கோப்பொன்றை எழுதத் தொடர்ச்சியான வெற்றிடம் இல்லையேல், கணினி அதனைத் துண்டுகளாக்கி அகப்பட்ட இடங்களில் வைத்துவிடும். மீளப் படிக்கையில் தலை துண்டுக்குத் துண்டு ஓடவேண்டும். ஓர் ஓட்டத்துக்கு வினாடியின் நூற்றிலொரு பங்கு செல்லுமாயின், ஆயிரம் துண்டுகளுக்குப் பத்து வினாடி செல்லும். கணினி தளர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அத்துண்டுகளை ஒன்றுசேர்க்கும் நிரல் விண்டோஸ் கணினிகளில் உள்ளேயே அமைந்துள்ளது. அதனை இயக்குமுன் வேண்டாத கோப்புகளை நீக்கி, தட்டில் 15 விழுக்காடேனும் வெற்றிடம் விடுதல் நன்று. எனினும், அதற்கும் முந்திய கடமை ஒன்றுண்டு. 2009இல் முடிவுற்ற போரில் இடம்பெயர்ந்த வன்னி மக்கள் பலர் காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் இழந்து அலைந்தனர். ஒரே பிரதியை நம்பியிருப்பதன் துயரம் அவர்கட்குப் புதிதன்று. கூட்டுறவுச் சங்கத்தின் கணக்காயினும், பாடசாலையின் புள்ளிப் பதிவாயினும், முதலில் வேறொரு தட்டில் பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். ஒன்றுசேர்க்கும் வேலை தட்டை மணிக்கணக்கில் ஓயாது உழைக்கச் செய்வது; 'டக் டக்' என ஒலிக்கும் நலிந்த தட்டு அவ்வுழைப்பைத் தாங்காது. அத்தகைய தட்டிலிருந்து தரவுகளை மீட்பதே தக்கது. மின்சாரம் தடைப்படக்கூடிய வேளையையும் தவிர்த்தல் வேண்டும்.

சுழலும் பாகமற்ற திண்மநிலைத் தட்டுக்கு இவ்வேலை வேண்டியதில்லை. அங்கே ஓடுவதற்குத் தலையுமில்லை, வீண் எழுத்தால் அதன் ஆயுளே குறையும். நினைவகம் போதாமையால் தளர்ந்த கணினியும் இதனால் விரைவுபெறாது.

முதலிற் பிரதி, அடுத்து வெற்றிடம், அதன்பின் ஒழுங்கு: இம்முறை பிறழாதிருப்பின் பழைய கணினி இன்னுஞ் சில காலம் பயன் தரும்.