இமையில்லாத உறுப்பு

கண்ணுக்கு இமையைத் தந்த இயற்கை காதுக்குக் கதவொன்று வைக்காமல் விட்டது, உறக்கத்திலும் காலடியோசை கேட்டு நாம் விழித்துக்கொள்ள வேண்டும் என்ற கருணையினால் இருக்கலாம். ஆயினும், கோயில் கொடையன்று ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேர் எதிரே வீடு வாய்த்தவரிடம் இந்தக் கருணையைப்பற்றிப் பேசாமலிருப்பதே விவேகம்.

உட்செவியிலே நத்தையோடுபோல் சுருண்டு கிடக்கும் சிறு கூட்டுக்குள், ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் வரிசை வரிசையாக நின்று, வந்து சேரும் அதிர்வுகளை நரம்புக்குரிய சமிக்ஞைகளாக மாற்றித் தருகின்றன. பெருஞ்சப்தம் இவற்றை மடியச் செய்கிறது. மடிந்தவை கோழிக்கு மறுபடி முளைக்கும்; மனிதனுக்கு முளைப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் கோழி நம்மைவிடப் பாக்கியசாலி.

இது புதிய சங்கதியன்று. தொழிலாளரின் வியாதிகளைப்பற்றி 1700-ஆம் ஆண்டிலேயே நூல் எழுதிய ராமத்ஸினி என்ற இத்தாலிய வைத்தியர், வெனிஸ் நகரத்தில் நாள்முழுதும் செம்பைத் தட்டிக்கொண்டிருந்த கன்னார்கள் செவிடாகிப்போனதைக் குறித்துவைத்திருக்கிறார். வெனிஸுக்குப் போவானேன்? குமாரபாளையத்திலோ சோமனூரிலோ ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்து பாருங்கள். நாடா இருபுறமும் பாய்ந்து மோதும் ஓசையிலே பேச்சு எடுபடாமல், கையசைவாலும் உதட்டசைவாலுமே காரியம் நடத்தும் தறிக்காரர், “சத்தமெல்லாம் பழகிப்போச்சுங்க” என்று சொல்லுவார். பழகியது அவர் மனம். செவி பழகவில்லை, தேய்ந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தேய்மானத்தில் வலியில்லை என்பதுதான் அபாயம். முதலில் போவது கீச்சென்ற உச்ச ஒலிகளைக் கேட்கும் சக்தி. ஆகையால் லாரியின் இரைச்சலும் ஆண்குரலும் பழையபடியே கேட்க, பேத்தியின் மெல்லிய குரலும், சொற்களுக்கு உருவம் தருகிற சகரம் போன்ற நுண்ணொலிகளும் மங்கிவிடுகின்றன. குரல் காதில் விழுகிறது, பேச்சு விளங்கவில்லை. வீட்டாரோ, “தாத்தாவுக்கு வேண்டியது மட்டும் கேட்கும்” என்று பழிசொல்லுகிறார்கள்.

எவ்வளவு சப்தம், எத்தனை நேரம் என்ற இரண்டையும் சேர்த்தே கணக்கிடவேண்டும். 85 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது நிபுணர் வகுத்த வரம்பு. ஒவ்வொரு மூன்று டெசிபெல் ஏற்றத்துக்கும் ஒலியின் சக்தி இரட்டிப்பதால், 88-இல் நான்கு மணி நேரமும், 100-இல் கால்மணி நேரமுமே மிஞ்சுகின்றன. கருவி கையிலில்லாதவருக்கும் ஓர் உபாயமுண்டு: கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச நேர்ந்தால், அந்த இடம் செவிக்கு ஆகாது. கல்யாண வீட்டுப் பாட்டுப்பெட்டியின் அருகில் உட்கார்ந்து எழுந்தபின் காது ரீங்காரமிடுவதும் அத்தகைய எச்சரிக்கையே; அடுத்த பந்தியிலாவது தள்ளிப்போய் அமருங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஆறு டெசிபெல் குறையும்.

தறிக்கூடத்தில் தள்ளிப்போக இடமேது? அங்கே நுரைப்பஞ்சினாலான காதடைப்பானே கதி. சாதாரணப் பஞ்சு மிகச் சொற்பமே காக்கும். அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்புறமாகக் கொண்டுவந்து காதுமடலை மேலே இழுத்துச் செருகி, அது விரிந்து நிறையும்வரை பிடித்திருக்கவேண்டும். 30 டெசிபெல் காக்கவல்ல அடைப்பானையும் எட்டுமணி வேலையில் அரைமணி கழற்றிவைத்தால், அன்றைய காவல் பன்னிரண்டு டெசிபெலாகக் குன்றிவிடும். ஆகவே, தேநீர் வந்ததென்று அதைக் கழற்றுவதானால், டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வெளியே வந்து கழற்றுங்கள்.