அருகிருந்து பேணுவோர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா என்றால் இசையும் நாட்டியமும் பட்டிமன்றமும் நிறைந்த விருந்து. அவ்விருந்தின் நடுவே நோயையும் முதுமையையும் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் என்னைப் பணித்திருக்கின்றார். புத்தாண்டு விருந்திலே வேப்பம்பூ ரசத்துக்கும் ஓர் இடம் உண்டன்றோ? என் பேச்சையும் அவ்வாறே ஏற்றுக்கொள்ள வேண்டுகின்றேன்.

திருவள்ளுவர் மருந்து என்பதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அது திருக்குறளின் 95ஆவது அதிகாரம். அதன் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவர் ஒருவர், நோய் தீர்க்கும் மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிலிருந்து அம்மருந்தை ஊட்டிப் பேணுபவர் ஒருவர். வடமொழி ஆயுர்வேத நூல்களும் இந்நான்கையே கூறும். நான்காமவரை வள்ளுவர் ஏவலாளர் என்று ஒதுக்கிவிடவில்லை; மற்ற மூன்றுடன் ஒரே வரிசையில் நிறுத்தினார். நாற்காலியின் மூன்று கால்களுக்கு மெருகேற்றிவிட்டு நான்காவது காலைக் கரையான் அரிக்க விட்டால் அமர்ந்திருப்பவர் கதி என்னாகும்? அந்த நான்காமவரைப் பற்றியதே இன்று என் உரை.

தமிழ் மொழி இதனினும் ஒரு படி மேலே சென்றது. மருத்துவமனையிலே பணிபுரியும் பெண்ணை நாம் செவிலியர் என்கின்றோம். செவிலி யார்? சங்க அகப்பாடல்களிலே தலைவியை வளர்த்த தாய். தோழியைப் பெற்ற தாய். ஈன்றவளை நற்றாய் என்றும், வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் வழங்கிய மரபு நம்முடையது. பேணுகின்றவளுக்குத் தாயின் பெயரையே தந்த மொழியைப் பேசும் நாம், அவளை நடத்தும் முறையும் அப்பெயருக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டுமன்றோ?

அன்பர்களே! 2020ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. பயணிகள் ரயில் நின்றது. உள்நாட்டு விமானங்கள் இரண்டு மாதம் பறக்கவில்லை. வெளிநாடுகளுக்கான வழக்கமான விமானப் போக்குவரத்தோ 2022 மார்ச் 27ஆம் நாள்தான் முழுமையாக மீண்டது. தில்லித் தமிழர் குடும்பங்களின் நிலை உங்களுக்குத் தெரியாததன்று. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற தந்தையும் தாயும் மயூர் விஹாரிலோ ஜனக்புரியிலோ துவாரகையிலோ தனியே இருப்பர். மக்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பர். இன்னும் சிலருடைய பெற்றோர் கோவையிலும் சென்னையிலும் முதியோர் இல்லங்களில் வாழ்வர். வழிகள் அனைத்தும் அடைபட்ட அந்நாளில் இவர்களுக்கு நீராட்டியவர் யார்? உணவூட்டியவர் யார்? இரவிலே இருமல் கேட்டு எழுந்தவர் யார்? பெற்ற பிள்ளைகள் கைபேசித் திரையிலே முகம் காட்டினார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை ஓர் ஆயாவின் கை. அல்லது இல்லத்துப் பணியாளர் ஒருவரின் கை.

அப்பணியின் அருமையை அருகிருந்து பார்த்தவரே அறிவர். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப்புண் வந்துவிடும். விழுங்கும் ஆற்றல் குறைந்தவருக்கு ஒவ்வொரு கரண்டியாகப் பொறுத்திருந்து ஊட்ட வேண்டும், விரைந்தால் புரையேறும். நினைவு தடுமாறிய முதியவரோ முகக்கவசம் அணிந்த முகத்தைக் கண்டு அஞ்சிக் கூச்சலிடுவார். 2021 ஏப்ரல், மே மாதங்களில் தில்லி மருத்துவமனைகளில் படுக்கையும் பிராணவாயுவும் கிட்டாமல் மக்கள் அலைந்தபோது, எத்தனையோ வீடுகளே மருத்துவமனைகளாயின. விரலில் மாட்டும் கருவியிலே பிராணவாயு அளவு 94க்குக் கீழே இறங்குகின்றதா என்று இரவெல்லாம் பார்த்திருந்தவர்களும், மூச்சுத் திணறியவரைக் குப்புறப் படுக்கவைத்துத் தலையணையைச் சரிசெய்தவர்களும் பெரும்பாலும் பட்டம் பெற்ற செவிலியர் அல்லர். ஏஜென்சி மூலமாக வந்த, ஆறு மாதப் பயிற்சியோ அதுவுமோ இல்லாத எளிய பெண்களும் இளைஞர்களுமே ஆவர்.

இவர்களுக்கு நாடு என்ன செய்தது? 2020 மார்ச் 22ஆம் நாள் மாலை 5 மணிக்கு நாம் மாடங்களிலும் வாயில்களிலும் நின்று கைதட்டினோம், தட்டுகளை ஒலித்தோம். மே 3ஆம் நாள் மருத்துவமனைகளின்மீது விமானப்படையினர் மலர் தூவினர். அழகிய செயல்களே. ஆனால் கைதட்டி இரண்டு நாள் கழிவதற்குள், மருத்துவர்களையும் செவிலியரையும் வீட்டைக் காலி செய்யுமாறு தில்லியிலே வீட்டுக்காரர்கள் சிலர் துரத்துவதாக முறையீடு எழுந்தது. மார்ச் 24ஆம் நாள் அத்தகையோர்மீது நடவடிக்கை எடுக்குமாறு தில்லி அரசு ஆணையிட வேண்டியதாயிற்று. நம் தாயகம் மட்டும் விலக்கா? ஏப்ரல் 19ஆம் நாள் சென்னையிலே கொரோனாவால் உயிர் நீத்த மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் அவர்களின் உடலை அடக்கம் செய்யவும் விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. மூன்று நாள் கழித்து மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு 5 ஆண்டு வரையிலும், கொடுங்காயம் விளைவிப்போர்க்கு 7 ஆண்டு வரையிலும் சிறைத் தண்டனை என்று அச்சட்டம் விதித்தது.

பெயர் பெற்ற மருத்துவருக்கே அந்நிலை என்றால், பெயரும் அறியப்படாத ஆயாவின் நிலை யாது? மருத்துவப் பணியாளர்க்கு அரசு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்தது. தனியார் வீடுகளில் நோயாளியைப் பேணியவர் அதன் வரம்புக்குள் வரவில்லை. தடுப்பூசியைப் பாருங்கள். 2021 சனவரி 16 முதல் மருத்துவப் பணியாளர்க்கும், மார்ச் 1 முதல் 60 வயது கடந்தோர்க்கும் அது கிடைத்தது. 18 வயது நிறைந்தோர் அனைவர்க்கும் வழி திறந்தது மே 1ஆம் நாள்தான். பாட்டிக்கு மார்ச்சிலேயே ஊசி போட்டாயிற்று. அப்பாட்டியைத் தூக்கி நீராட்டிய இருபத்தைந்து வயதுப் பெண்ணோ, தில்லி பற்றியெரிந்த ஏப்ரல் முழுவதையும் ஊசியின்றியே கடந்தாள். யாரும் வேண்டுமென்று செய்த தீங்கன்று இது. மருத்துவமனையில் இருப்பவர் கணக்கில் வந்தார். வீட்டுக்குள் இருப்பவர் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பிற நாடுகளிலும் இக்குறை இருந்தது. ஐரோப்பாவில் கொரோனாவால் இறந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் நெடுநாள் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தவர்களாக இருக்கலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய இயக்குநர் 2020 ஏப்ரல் 23ஆம் நாள் கூறினார். காரணம் எளிது. ஊதியம் குறைவு, ஆதலின் ஒருவரே இரண்டு மூன்று இல்லங்களில் வேலை செய்வர். நோய் விடுப்புக்குச் சம்பளம் இல்லை. ஆதலின் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவர். நோயைச் சுமந்து சென்றது அவர்தம் கால். அக்காலை நடத்தியது வறுமை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் இதனை விரைந்து உணர்ந்தது. ஒரு பணியாளர் ஓர் இல்லத்தில்தான் பணிபுரியலாம் என்று 2020 மார்ச் மாதமே ஆணையிட்டது. அதனால் அவர் வருவாய் குறையாதவாறு ஊதியத்தையும் உயர்த்திச் சமப்படுத்திற்று. பணியாளரின் வயிற்றைக் காப்பது முதியவரின் மூச்சைக் காப்பதாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிரான்சு நாட்டிலே லியோன் நகரை அடுத்த விலனோவா என்னும் முதியோர் இல்லத்தின் செய்தி உள்ளத்தை உருக்குவது. அங்கே பணியாளர் பலர் தம் வீடு திரும்பாமல், 106 முதியோருடன் 47 நாள்கள் இல்லத்துக்குள்ளேயே தங்கித் தரையிலே படுத்துறங்கினர். அங்கு நோய் நுழையவில்லை. ஆனால் அவர்கள் தாமே முன்வந்து தங்கினர் என்பதை நாம் மறத்தலாகாது. நம் குடியிருப்புகளிலோ, “வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டோம்” என்ற வாயிற்காவலின் சொல்லுக்கு அஞ்சி, மாதக்கணக்கில் தம் குழந்தையைக் காணாமல் தங்கிய பணிப்பெண்கள் உண்டு. விரும்பிச் செய்தால் அது தியாகம். வேறு வழியின்றிச் செய்ததைத் தியாகம் என்று நாம் புகழ்ந்தால், அப்புகழ் கடனைக் கொடாமல் இருப்பதற்குச் சொல்லும் சாக்காகிவிடும்.

“கூலி கொடுக்கின்றோமே, பின் நன்றி எதற்கு?” என்று சிலர் வினவலாம். கூலி வேலைக்கு, அஞ்சாமல் அருகில் நின்றதற்கு எந்தக் கூலியும் ஈடாகாது. “ஓய்வூதியத்தில் வாழும் எங்களால் எவ்வளவு கொடுக்க இயலும்?” என்று வேறு சிலர் வினவலாம். இது நேர்மையான கேள்வி. மருந்துச் செலவும் வாடகையும் போக எஞ்சுவது சிறிதே என்பதை நான் அறிவேன். ஆதலின் தனித்தனிக் குடும்பமாக அன்றி, ஒரு காலனியாக, ஒரு சங்கமாக நாம் இதனைச் சிந்திக்க வேண்டும். அதற்குச் சில யோசனைகளை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, பணியாளர் நோயுற்றால் சம்பளம் பிடிக்கலாகாது. ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைப் பொது நிதியில் சேர்த்து வந்தால், நோய்க்கால ஊதியத்தை அந்நிதியிலிருந்து கொடுத்தல் கூடும்.

இரண்டாவது, வார ஓய்வு. அந்த ஒரு நாள் பெற்றோரை யார் பார்ப்பது? வீட்டிலுள்ள ஆடவரும் பெண்டிரும் முறைவைத்துப் பார்க்கட்டும். தாயை ஒருநாள் தாமே நீராட்டிய மகன், மற்ற ஆறு நாளின் அருமையைத் தானே உணர்வான்.

மூன்றாவது, காப்பு. மைய அரசின் இரு காப்பீட்டுத் திட்டங்களுக்கு 2022 சூன் முதல் ஆண்டுக் கட்டணம், விபத்துக்கு 20 ரூபாயும், ஆயுளுக்கு 436 ரூபாயும் ஆகும். ஒவ்வொன்றும் 2 லட்சம் ரூபாய்க்கு உறுதி தருவது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் வீட்டுப் பணியாளரும் சேரலாம், கட்டணம் இல்லை. ஆனால் படிவம் நிரப்ப எழுத்தறிவு வேண்டும். கோப்புகளோடு முப்பது ஆண்டு வாழ்ந்த நம் ஓய்வு பெற்ற அலுவலர்களுக்கு இதனினும் ஏற்ற தொண்டு யாது? ஞாயிறு காலை ஒரு மணி நேரம் சங்கத்திலே அமர்ந்தால் போதும்.

நான்காவது, மொழி. முதுமையிலே நினைவு தளரும்போது, பின்னர்க் கற்ற இந்தியும் ஆங்கிலமும் முன்னே கழன்று விழ, தாய்மொழியே எஞ்சுவதைப் பல வீடுகளில் காண்கின்றோம். பேணுபவரோ ஜார்க்கண்டிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவர். தண்ணீர், வலி, பசி, போதும், குளிர்கிறது, பயமாயிருக்கிறது என்ற ஐம்பது தமிழ்ச் சொற்களை இந்தி எழுத்திலே அச்சிட்டு அவர் கையில் கொடுத்தால், தாகமென்று சொல்லத் தெரியாமல் தவிக்கும் ஒரு பாட்டியின் தவிப்பு நீங்கும். தமிழ்ச் சங்கம் செய்யத்தக்க தமிழ்ப்பணி இது.

ஐந்தாவது, பயிற்சி. 1946ஆம் ஆண்டிலே இந்நாட்டில் செவிலியர்க்குப் பட்டப்படிப்பு தொடங்கியபோது, முதன்முதல் கல்லூரி கண்ட ஊர்கள் இரண்டு. ஒன்று தில்லி, மற்றொன்று நம் வேலூர். செவிலியர்க்குப் பட்டமும் பதிவும் கிடைத்தன. வீட்டிலிருந்து பேணுவோர்க்கு இன்றளவும் உரிய நிலை இல்லை. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பதிவு செய்து முறைப்படுத்த 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவந்த மசோதா, நிறைவேறாமலே 2024இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று. நம்மவருள் மருத்துவர் உளர், செவிலியர் உளர். தூக்கும் முறை, ஊட்டும் முறை, கிருமி அணுகாமல் கைகழுவும் முறை ஆகியவற்றை அவர்கள் கற்றுக்கொடுக்கலாம்.

அன்பர்களே! நம்முள் பலருடைய தந்தையும் பாட்டனும் டிரங்குப் பெட்டியோடும் படுக்கைச் சுருளோடும் ஜி.டி. எக்ஸ்பிரசிலே இத்தலைநகருக்கு வந்திறங்கியவர்கள். மொழி புரியாத ஊர். எலும்பை உலுக்கும் குளிர். வாடகைக்கு அறை தர வீட்டுக்காரர் கேட்ட நூறு கேள்விகள். இன்று நம் வாயிலிலே பிளாஸ்டிக் பையுடன் வந்து நிற்கும் அந்தப் பெண்ணும் அவ்வாறே வந்தவள். அன்று நம்மவர்க்கு யாரோ ஒருவர் கதவைத் திறந்தார். நாம் இன்று இம்மண்டபத்திலே அமர்ந்திருக்கின்றோம்.

செய்ந்நன்றி அறிதலுக்கு வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்தார். நன்றி என்ற சொல்லுக்கு நன்மை என்பதே முதற்பொருள். அது வாயால் உரைத்து முடிப்பதன்று. கையால் செய்து காட்டுவது. அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று எவரும் அறியார். அது வரும்போது கைதட்ட நாம் மீண்டும் மாடத்துக்கு ஓடுவதைவிட, வருவதற்கு முன்னரே விடுப்பும் ஊதியமும் ஊசியும் உறைவிடமும் உறுதி செய்து வைத்தல் அறிவுடைமையாகும். அடுத்த ஆண்டு விழாவிலே அருகிருந்து பேணுவோர் சிலரேனும், பரிமாறுவோராக அன்றி விருந்தினராக, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காட்சியைக் காண விழைகின்றேன்.