புயல் வருமுன் பெயர் எழுதுவோம்

(மன்னாரில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



புயலுக்கு ஏழை பணக்காரன் என்ற பேதமில்லை என்பர். காற்றுக்குப் பேதமில்லை என்பது மெய். அது மோதும் வீட்டுக்குப் பேதமுண்டு. கல்வீடு நிற்கிறது, கிடுகுக் குடிசை பறக்கிறது. கால் உள்ளவன் ஓடுகிறான்; நோயாளியும் கர்ப்பிணியும் முதியவரும் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றனர்.

1964 டிசெம்பர் 22 ஆம் திகதி இரவை இக்கரை மறக்கவில்லை. எதிர்க்கரையில் தனுஷ்கோடி ஓரிரவில் அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. 2025 நவம்பரில் வந்த டித்வா புயலோ மழையாலும் மண்சரிவாலும் இலங்கையில் 600 பேருக்கு மேல் பலிகொண்டது. அனுராதபுரத்துப் பக்கம் பெய்த மழை அருவியாற்றின் வழியே இறங்கி, நமது காலபோக வயல்களை மூழ்கடித்தது. ஒருபுறம் கடல், மறுபுறம் ஆறு. இரண்டுக்கும் நடுவில் நாம்.

வங்காளதேசத்தைப் பாருங்கள். 1991 ஆம் ஆண்டுச் சூறாவளியில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். அவர்களுள் ஆண்களினும் பெண்களே மிகுதி. குழந்தைகளை விட்டு அவர்களால் ஓட இயலவில்லை. கூட்டம் நெரிந்த புகலிடத்துக்குச் செல்லவும் தயங்கினர். பின்னர் அந்நாட்டார் பெண் தொண்டர்களைப் பெருமளவிற் சேர்த்தனர். புகலிடங்களிற் பெண்களுக்குத் தனியிடம் வகுத்தனர். உயிரிழப்புப் பன்மடங்கு குறைந்தது.

நம்மிடமும் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் உண்டு. ஆயினும் சட்டத்துக்கு ஊர் தெரியாது. ஊரை அறிந்தவர்கள் நாமே. ஆதலின் மூன்று காரியங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, பெயர்ப் பட்டியல். நடக்க இயலாதவர், தனித்து வாழும் விதவையர், கர்ப்பிணிகள் ஆகியோர் பெயரைக் கிராம அலுவலரும் ஊர்ச் சங்கமும் கூடி எழுதவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரை அழைத்துச் செல்லும் அயலவர் பெயரும் இருக்கவேண்டும். வெளியூரிலிருந்து வந்து வாடிகளிற் பிழைக்கும் கடற்றொழிலாளரையும், 1990 இல் வெளியேற்றப்பட்டு மீண்டுவந்து, பதிவு புத்தளத்திலும் வாழ்வு முசலியிலுமாக இருக்கும் முஸ்லிம் குடும்பங்களையும் விட்டுவிடலாகாது.

இரண்டாவது, நேரம். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் வீதி ஒன்றே. காற்று எழுந்தபின் நோயாளியை ஏற்ற முனைவது மடமை. எச்சரிக்கை வந்தவுடனே வண்டி புறப்படவேண்டும்.

மூன்றாவது, நட்டஈடு. காணி உறுதி ஒருவரிடம், விதைத்த கை இன்னொருவருடையது. உறுதியை மட்டும் பார்த்து ஈடு கொடுத்தால் குத்தகைக்காரன் கடனோடு நிற்பான். விதைத்தவனுக்கே ஈடு சேரவேண்டும்.

வைத்தியரே, ஆசிரியரே, கமக்காரரே! அரசாங்கத்திடம் வண்டியையும் ஈட்டையும் உரிமையோடு கேட்போம். பட்டியல் எழுதுவதற்கு எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை. எழுதும்போது கோயில் எது, பள்ளிவாசல் எது, தெரு எது என்று பாராதீர்கள். அடுத்த வாடைக்காற்றுக்கு முன் அப்பட்டியல் ஒவ்வோர் ஊரிலும் இருக்கட்டும்.