வேலை நடத்துவோருக்கு வேண்டிய எளிய சொல்
(பேரையூர் வட்டத்துக் கிராமப் பணி மேற்பார்வையாளருக்கான பிரசங்கம்)



பேரையூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு மழைநீரைத் தேக்கும் கண்மாய்களே பெரும் ஆதாரம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் கரையும் மடையும் செப்பமாக வேண்டுமாயின், வேலை நடத்துவோரின் சொல் ஐயத்துக்கு இடமின்றி இருத்தல் அவசியம்.

“கரையை உயர்த்துக” என்று மாத்திரம் உத்தரவிட்டால், எங்கிருந்து எதுவரை, எத்தனை அடி, எந்நாளுக்குள் என்பது விளங்காது. தாழ விட்ட ஓரிடத்தில் கரை உடைந்தால், தேங்கிய நீர் வீணாகி ஆயக்கட்டு முழுவதும் வாடும். ஆதலால், உத்தரவு ஒன்றில் வேலை ஒன்று, பொறுப்பாளர் ஒருவர், முடிக்கும் தேதி ஒன்று என்று இருக்கட்டும். அளவைக் காகிதத்தில் எழுதுவதோடு, கரையில் முளையடித்தும் காட்டுக. கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் செய்வது உத்தமம். தலையசைப்பு மாத்திரம் விளங்கியதற்கு அத்தாட்சியாகாது.

சொல்வதைப் போலவே கேட்பதும் கடமையாகும். இவ்வட்டத்து டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இறுதி ஆண்டுகளைக் கழித்து 1960-இல் காலமானவர் ஜே. சி. குமரப்பா. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்ற அவர், குஜராத்தின் மாத்தர் தாலுகா மக்களின் நிலையை ஆராய முற்பட்டபோது குஜராத்தி அறியார். ஆகவே குஜராத் வித்தியாபீடத்து மாணவரின் துணையோடு விவரங்களைத் திரட்டினார். அவ்வறிக்கை 1931-இல் வெளிவந்தது. கல்விமானுக்கே ஊர்மொழி அறிந்தோரின் துணை வேண்டியிருந்தது.

மடையின் பழுதை நன்கறிந்தவர் நீர்ப்பாய்ச்சியே. முதலில் அவர் சொல்லட்டும். பின்னர், அவருக்கு விளங்கும் சொற்களிலேயே உத்தரவு பிறக்கட்டும்.